பத்தியத்தில் பாதி

திருத்தணிப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், பெயர் வைப்பதற்கு முன்பே ஒரு பஞ்சாயத்து தொடங்கிவிடும். பெற்றவளுக்கு யார் வீட்டுப் பத்தியம்? எங்கள் வீட்டிலும் அது நடந்தது. என் அம்மா அரக்கோணம் பக்கம். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, சுக்கு மிளகு திப்பிலி இடித்துப் போட்ட லேகியம் என்று வரிசையாக வைத்திருந்தார். மாமியார் நகரிக்காரர், வீட்டில் தெலுங்கு. நெய்யும் வெல்லமும் விட்டுக் கிண்டிய ‘காயம்’ என்ற பிரசவ மருந்து, வெள்ளுள்ளிக் காரம், வறுத்த அரிசியில் வடித்த சோறு என்பது அவர் கணக்கு. சுறா வேண்டும் என்றார் ஒருவர், பச்சை உடம்புக்கு மீன் வாடையே ஆகாது என்றார் இன்னொருவர். ஆனால் தள்ளி வைக்க வேண்டியவற்றில் இரண்டு பேரும் ஒரே கட்சி. பச்சைத் தண்ணீர் ஆகாது. தயிர் ஆகாது. கத்தரிக்காய், பூசணிக்காய் பக்கம் போகவே கூடாது.

இந்த ஊரின் அமைப்பு அப்படி. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரை, 1959இன் எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் ஆனபிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைதான் நகர்ந்தது, யாரும் அடுப்பை இடம் மாற்றவில்லை. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் பிறந்ததும் இங்கே ஒரு தெலுங்குக் குடும்பத்தில்தான். பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் ஒரே தறிக்கூடத்தில் இரண்டு மொழியும் கேட்கும். நாங்கள் களி என்பதை அவர்கள் சங்கட்டி என்பார்கள். தட்டில் விழுவது ஒன்றுதான், தொட்டுக்கொள்வது முருங்கைக் கீரையா புளிச்சக் கீரையா என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம்.

அதனால் இங்கே யாரை வந்தேறி என்று சொல்வது என்றே எனக்குத் தெரிந்ததில்லை. நிஜமாகவே தொலைவிலிருந்து வருகிறவர்களை நான் பார்க்கத் தொடங்கியது எங்கள் மளிகைக் கடையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர்கள் வருவார்கள். செங்கல் சூளைக்காரர்கள். ஒடிசாவின் மேற்குப் பக்கம், பலாங்கீர், நுவாபடா, காலாஹண்டி மாவட்டங்கள். அங்கே மழையை நம்பிய ஒரு போகம்தான். நுவாகாய் என்ற புத்தரிசித் திருநாள் முடிந்த கையோடு தரகரிடம் முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு குடும்பமாக ரயிலேறுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் ஏறக்குறைய பொங்கலையொட்டிக் கல் அறுக்கத் தொடங்கினால், மே, ஜூனில் மழைக்கு முன்பு வேலை முடியும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதை முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள். கையில் கிடைப்பது வாராவாரம் சாப்பாட்டுக்குத் தரும் ‘கொராக்கி’ மட்டும்தான். அதுவும் பிறகு கணக்கில் கழியும்.

அந்தப் பணத்தில் என்ன வாங்குவார்கள் என்று எனக்கு மனப்பாடம். அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பு, காய்ந்த மிளகாய், சின்னப் பாட்டிலில் கடுகு எண்ணெய், டீத்தூள், கொஞ்சம் கருவாடு. பிள்ளை அழுதால் ஐந்து ரூபாய் பிஸ்கெட். பருப்பு எப்போதாவது. கீரை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இவர்களுக்குக் கீரை பிடிக்காது என்று கடையில் வேலை பார்க்கும் தம்பி சொல்வான். ஆனால் ஒடிசாவில் கீரை இல்லாத வீட்டுச் சாப்பாட்டைப் பார்ப்பது அரிது. முருங்கைக் கீரையை அவர்கள் ‘சஜனா சாக’ என்பார்கள். ஊரில் வேலியிலிருந்து ஒடித்துக்கொள்ளும் பொருளை இங்கே காசு கொடுத்து வாங்க மனம் வராது. சூளைக் களத்திலோ களிமண்ணைத் தவிர ஒன்றும் முளைக்காது.

புலம் பெயர்ந்தவர்களின் சாப்பாட்டு நம்பிக்கைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் குறையாகப் படுவது ஒரு இடம்தான். நம்பிக்கைதான் அவர்களை நோயாளி ஆக்குகிறது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். பாரம்பரியம் எல்லாமே மருந்து என்று இன்னொரு சாரார். எந்த ஊர்ப் பத்தியத்துக்கும் இரண்டு பாதி உண்டு: கொடுக்க வேண்டியது, தள்ள வேண்டியது. ஊரை விட்டுப் போகிறவர்களோடு தள்ள வேண்டியது மட்டும் காசு செலவில்லாமல் கூடவே போகிறது. கொடுக்க வேண்டியது ஊரிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு ஒரு பாட்டி வேண்டும், வேலி ஓரத்து முருங்கை வேண்டும், நாற்பது நாள் ஓய்வு வேண்டும். சூளைக்கு வருகிறவளிடம் இவற்றில் எதுவுமே இல்லை.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர் எங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர். கடையில் கற்றுக்கொண்ட இந்தி எனக்குக் கொஞ்சம் வரும் என்பதால், “அக்கா, ஒரு எட்டு கூட வாங்க, எனக்கு அவங்க சொல்றது பாதி புரியல” என்று ஒரு நாள் அழைத்தார். போனேன்.

சுட்ட கல்லை மண் பூசாமல் அடுக்கி, மேலே தகரம் போட்ட குடிசை. நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே பிள்ளை பெற்று இரண்டு வாரம் ஆன ஒரு பெண். பிரசவம் ஆஸ்பத்திரியில் ஆகியிருந்தது. குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறு, நெற்றியில் கரிப்பொட்டு. தட்டில் சோறு, ஓரத்தில் பூண்டும் உப்பும் சேர்த்து நசுக்கியது, அவ்வளவுதான். பருப்பு சாப்பிட்டால் குழந்தைக்கு வயிறு ஊதும். முட்டை கூடாது. கீரை கூடாது. தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு தளர்ந்துவிடும். இவ்வளவையும் அவள் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். பால் போதவில்லை என்பதையும் அதே குரலில்தான் சொன்னாள். வெளியே அவள் புருஷன் தனியாளாக அச்சில் மண் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டொரு நாளில் அவளும் உட்கார்ந்துவிடுவாள் என்பது அவன் பேச்சில் தெரிந்தது. அவள் உட்காராத ஒவ்வொரு நாளும் அவர்கள் கணக்கில் கடன்.

நான் எதிர்பார்த்தது ஒரு உபதேசம். பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனமே சொல்லும் கணக்கு. செவிலியர் அதை எடுக்கவே இல்லை. சாக்குப்பையில் உட்கார்ந்து, “தீதி, உங்க ஊர்ல உங்க அம்மா இருந்தா என்ன கொடுத்திருப்பாங்க?” என்று கேட்கச் சொன்னார்.

அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். குல்த்தி என்றாள். கொள்ளு. கொள்ளை வேகவைத்து, பூண்டும் இஞ்சியும் போட்டு ரசம்போலக் கொடுப்பார்களாம், நாலு நாள் போனதும் வெந்த கொள்ளையும் சேர்த்து. அப்புறம் வெந்தயம், சுக்கு. ஏன் இங்கே செய்யவில்லை என்றதற்கு, இங்கே அது கிடைக்காது என்று நினைத்திருந்ததாகச் சொன்னாள். எங்கள் கடையில் மூட்டையாகக் கிடக்கிறது.

கொள்ளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம், இரும்பும் உண்டு. அவளுக்குத் தேவையானது அவள் பத்தியத்துக்குள்ளேயே இருந்தது. அதோடு முடியவில்லை கதை. அந்த வாரம் அவள் புருஷன் கொள்ளு கேட்டு வந்தபோது, பக்கத்தில் நின்ற எங்கள் தெரு அம்மா ஒருவர் பதறிப் போனார். “பிள்ளை பெத்த உடம்புக்குக் கொள்ளா? சூடு ஏறிடும்பா, குழந்தைக்கு வயித்தால போகும்!” அவர் சொன்னதும் அக்கறையில்தான். சூளைப் பெண், தெரு அம்மா இரண்டு பேருடைய கணக்கும் சூடு, குளிர்ச்சி என்ற ஒரே கணக்கு. பிரசவத்தோடு உடம்புச் சூடு போய்விடுகிறது, அதை ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் ஊர் முடிவு. தாய் சாப்பிடும் சூடு பாலில் இறங்கும் என்பது எங்கள் தெரு முடிவு. வழியே இல்லாத ஊரில் வந்து நிற்கிற பெண், யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இரண்டு ஊர் விலக்கையும் சேர்த்து அனுஷ்டிக்கத் தொடங்கிவிடுவாள். அப்போது மிஞ்சுவது வெறும் சோறும் பூண்டும்தான்.

செவிலியர் எல்லாவற்றையும் எதிர்ப்பதில்லை என்பதைக் கவனித்தேன். கறுப்புக் கயிறு இருக்கட்டும், கரிப்பொட்டு இருக்கட்டும், பப்பாளி வேண்டாமென்றால் வேண்டாம். பப்பாளிக் காயின் பாலுக்குக் கருப்பையைச் சுருக்கும் குணம் உண்டு என்று விலங்குச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்தால் கர்ப்பம் கலையும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனாலும் ஒரு பழத்துக்காக மாமியாரையும் மருமகளையும் மோதவிட அவர் தயாரில்லை. சண்டையை வேறு இடத்துக்காக வைத்திருக்கிறார். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது. பிறந்த குழந்தைக்குச் சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைப்பது. பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்துவது. வயிறு உப்பினால் சூடு போடுவது. இவற்றில் அவர் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை, அது சரிதான். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அரிதாகவே என்றாலும், நரம்பைச் செயலிழக்கச் செய்யும் கிருமிநஞ்சு வரலாம். உச்சிக்குழி உள்ளே விழுந்துவிட்டது என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, பல சமயம் அது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அது. குழந்தைக்குச் சூடு போடும் வழக்கம் ஒடிசாவின் சில பகுதிகளில் உண்டு என்றதும் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நம் கிராமங்களிலும் வயிற்றில் வரிவரியாகத் தழும்போடு வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வழக்கங்களில் நல்லதும் உண்டு. பழைய சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சூளையில் மதியச் சாப்பாடு ‘பகாள’. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது, உப்பு, வெங்காயம், சுட்ட கருவாடு. ஏப்ரல் வெயிலில், சூளை அனலில், நீரும் உப்பும் ஒன்றாக உள்ளே போவதற்கு இதைவிடத் தோதான சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஒடிசாவில் மார்ச் 20ஐப் பகாள தினமாகவே கொண்டாடுகிறார்கள். எங்கள் பாட்டி வீட்டில் குண்டானில் இருந்ததும் இதுதான், தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் என்பதுதான் வித்தியாசம். ஆடியில் அம்மன் கோயில்களில் ஊற்றுகிற கூழும் இந்த வகையறாதான். புளித்த மாவு, மேலே வெங்காயம், பக்கத்தில் முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும்.

ஆனால் பழைய சோற்றில் ஒரே இரவில் இரும்புச்சத்து இருபது மடங்காகிறது என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். புளிப்பதால் இரும்பு புதிதாக உற்பத்தியாகாது. தானியத்தில் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் உடைவதால், இருக்கிற இரும்பை உடம்பு சற்று எளிதாக எடுத்துக்கொள்ளும். வெள்ளை அரிசியில் இருப்பதே கொஞ்சம்தான். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காடு பேருக்கு ரத்தசோகை. ஒடிசாவில் 64, தமிழ்நாட்டில் 53. பழைய சோறு சாப்பிடும் இரண்டு மாநிலத்தின் எண்கள் இவை. கர்ப்பிணிக்கு அரசு தரும் 180 நாள் மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் சொல்லும் காரணங்களில் சில இவை: மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும். மலம் கறுப்பதற்குக் காரணம் மாத்திரையில் உடம்பு எடுத்துக்கொள்ளாமல் விட்ட இரும்பு என்று ஒரே ஒரு வரி முன்கூட்டியே சொல்லிவிட்டால் பலர் நிறுத்த மாட்டார்கள். மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூளையில் பசியை அடக்குவதே டீதான்.

இந்தப் பாதி பத்தியக் கதை ஒடிசாக்காரர்களோடு நிற்பதில்லை. நம்மவர்கள் கடல் கடந்து போன இடமெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்கள் கேழ்வரகையும் கம்பையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். லயம் என்ற வரிசைக் குடியிருப்பு வாழ்க்கையில், காலப்போக்கில், கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீரும்தான் பல வீட்டு உணவாயின. இன்று அதை மலையகத்துப் பாரம்பரிய உணவு என்கிறோம். மலிவாகக் கிடைத்தது பாரம்பரியமாக மாற இரண்டு தலைமுறை போதும். 2016இல் இலங்கை எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 விழுக்காடு, தோட்டப்புறத்தில் 31.7. இதைப் பண்பாட்டின் தலையில் கட்டிவிட்டுக் கூலியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நியாயமே இல்லை.

வசதியாகப் போனவர்கள் கதை வேறு மாதிரி முடிகிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் டொரண்டோவில் பிள்ளை பெற்றாள். ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனதும் ஐஸ் போட்ட தண்ணீரும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். அதைக் கேட்டு இங்கே வீட்டில் ஒரே அழுகை. லேகியமும் பத்தியப் பொடியும் கூரியரில் போயின. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தினமும் போனில் போனவை எல்லாம் கூடாதுகள்தான். வெளியே போகாதே, தலைக்கு ஊற்றாதே, தண்ணீரைக் குறை. எண்ணெய் தேய்த்துவிட, குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்ல ஆளில்லை. பனிக்காலம் முழுக்க அவள் பூட்டிய வீட்டுக்குள் ஒற்றையாளாக இருந்தாள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 யூனிட் வைட்டமின் டி கொடுக்கச் சொல்கிறது அந்த நாட்டு சுகாதாரத் துறை. பச்சைக் குழந்தைக்கு மருந்து எதற்கு என்று இங்கிருந்தே தடுக்கப் பார்த்தார்கள், நல்லவேளை அவள் கேட்கவில்லை. பத்தியம் என்பதில் பொடி சின்னப் பங்கு. பெரிய பங்கு, அவளைச் சுற்றி இருக்க வேண்டிய கைகள்.

சர்க்கரை நோய்க்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். களத்துமேட்டில் உழைத்தவருக்கு அளந்த சோறு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பேரனுக்கும் அதே அளவில் விழுகிறது. ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா’ என்ற அன்பு ஊர் விட்டு ஊர் போகிறது, உழைப்பு போவதில்லை. நம் உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்குகிறது என்பதால், பிரிட்டனில் தெற்காசியர்களுக்கு எடைக் குறியீட்டு எல்லையை 25இலிருந்து 23க்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காடு பேருக்குச் சர்க்கரை நோய். எங்கள் ஊரில் களி போய் ரேஷன் அரிசிச் சோறு வந்தது ஒரு தலைமுறைக்குள்தான். யாரும் ரயிலேறாமலேயே நாங்களும் பாதி புலம் பெயர்ந்துவிட்டோம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய அரிசியில் பத்துகூடத் தேறாது. இப்போது சர்க்கரை வந்தபிறகு, டாக்டர் சொன்னார் என்று அதே கேழ்வரகைக் கஞ்சி மாவு பாக்கெட்டாக எங்கள் கடையில் வாங்கிப் போகிறார்கள்.

சூளைப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. கொள்ளு ரசம் போனதும் பால் பெருகியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எதனால் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீரும் தாராளமாகக் குடிக்கத் தொடங்கினாள், செவிலியர் குழந்தையை அடிக்கடி மார்பில் போடச் சொன்னார், மேஸ்திரியிடம் பேசி ஒரு வாரம் அவளைக் கல் அறுக்க விடாமல் பார்த்துக்கொண்டார். குழந்தையின் எடை அட்டையில் கோடு மேலே ஏறியது. அந்த ஒரு வாரம்தான் பெரிய மருந்து என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. ஒடிசா அட்டைக்கும் இங்கே அரிசி உண்டு என்பதைச் சூளையில் போய் யாராவது சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் மாமியாரும் அதே அட்டையில்தான் இருப்பார், அவர் பங்கு அங்கேயே வாங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள். அங்கன்வாடியில் முட்டையும் சத்துமாவும் வெளிமாநிலத்துப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் சூளையிலிருந்து அங்கன்வாடிக்கு நடக்க முடியாது என்பதால் அது சூளைக்கு வர வேண்டும். சூளை முதலாளிகளில் எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்று கேட்டிருக்கிறேன். கொராக்கி கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில், பிள்ளை பெற்றவளும் வயிற்றுப்பிள்ளைக்காரியும் இருக்கிற குடிசைக்கு ஒரு கிலோ கொள்ளும் ஒரு கிலோ கேழ்வரகும் கணக்கில் கழிக்காமல் கொடுங்கள். ஒருவர் சரி என்றிருக்கிறார். இன்னொருவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். களத்தின் ஓரத்தில் நான்கு முருங்கைப் போத்து நட்டுவிடலாம் என்று செவிலியர் சொன்னதற்கு மட்டும் இருவருமே உடனே தலையாட்டினார்கள். போத்து எங்கள் கொல்லையிலிருந்தே வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.